நாலுக்கு நாலு

டூரின்
13 பிப்ரவரி 1967

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நம் ஊர்க்காரர்கள் கூடுகிற காபிக்கடையில் உன் பேச்சுதான். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களில் ஆறு பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்களாம், அதில் ஒருத்தி ரோக்காமூரா பள்ளிக்கூடத்து எர்ஸிலியா டீச்சராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி காணாமல் போனால் நீ நடத்துகிற விசாரணைக்கு அம்மாவே பயப்படுவாள். இப்போது மூவர்ணப் பட்டையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு நீதிபதிகளுக்குச் சமமாக உட்காரப் போகிறாய். அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பியேரா பார்க்க வேண்டும் என்கிறாள்.

வழக்கு ஸவினோவுடையது என்று பிறகுதான் சொன்னார்கள். கேட்டதும் மனசு கனத்துவிட்டது. உனக்கு இது தெரியாது, இப்போது சொல்கிறேன். அறுபத்தைந்து அக்டோபரில், அது நடப்பதற்குச் சில நாள் முன்னால், ஜெர்மனியிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் அவன் நாலு நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினான். வந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இன்னும் இரண்டு ஊர்க்காரப் பையன்களும் இருந்தார்கள். ஒயின் உள்ளே போனால் நம் ஆட்கள் பேசுகிற பேச்சு உனக்குத் தெரியாததா. தச்சர் ஜெர்வாஸியோ அவன் வீட்டுப் பக்கம் அடிக்கடி போகிறார் என்று ஊரில் ஒரு வம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸவினோவின் தலைக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டி, பெண்டாட்டியிடம் ஏமாந்தவனுக்கு வைக்கிற கொம்பை வைத்துக் காட்டி, "ஏண்டா, ஊர்ல எல்லார் வீட்டுக் கதவும் ஒழுங்காத்தான் இருக்கு. நீ ஜெர்மனிக்குப் போனதுலருந்து உன் வீட்டுக் கதவு மட்டும் எப்படிடா வாராவாரம் கழண்டு விழுது?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பியேரா மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். வடக்கத்தியாளைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், நம் கிண்டல் அவளுக்கு எங்கே புரியும்.

அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, கலகலப்பாகத்தான் இருந்தான். சந்தைக்குப் போய்த் திராட்சைக் கொடி கழிக்கிற கத்தி ஒன்று வாங்கினான், நான்தான் பேரம் பேசிக் கொடுத்தேன். எங்கள் சமையலறைத் தீட்டுக்கல்லில் அதைத் தீட்டிக்கூட வைத்துக்கொண்டான். கிளம்பும்போது, "நான் வர்றேன்னு ஊர்ல யாருக்கும் எழுதிராத. அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்" என்றான். அவ்வளவு ஆசையாகப் போனவன். போன இடத்தில் கண்ணால் கண்டதும் ரத்தம் கொதித்துவிட்டது. நானாக இருந்தாலும் என்ன செய்திருப்பேனோ.

நீ நியாயமாகத்தான் நடப்பாய். ஆனாலும் அவன் நம் தெருப் பையன், கெட்டவன் இல்லை. இதையும் மனசில் வைத்துக்கொள்.

உன் தம்பி
நுன்ஸியோ


ரோக்காமூரா
19 பிப்ரவரி 1967

நுன்ஸியோ,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

தொனாத்தா என்று ஒருத்தி இருந்தாள். உன் கடிதத்தில் அவள் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை, அதனால் நினைவுபடுத்துகிறேன். ஐந்தாம் வகுப்பில் என் மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்தவள். கணக்கு சுத்தமாக வராது. ஆனால் வகுப்பில் யார் அழுதாலும் அங்கே முதலில் போகிற கைக்குட்டை அவளுடையதாகத்தான் இருக்கும். இருபத்தைந்து வயதில் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கழுத்து அறுபட்டுச் செத்தாள். நீ ஸவினோவுக்காக மனசு கனத்து உட்கார்ந்திருக்கிறாய்.

கொடி கழிக்கிற கத்தியாம். அவனுக்கு ஏது கொடி? அப்பன் விட்டுப்போன துண்டுத் தோட்டத்தை விற்றுவிட்டுத்தான் ஜெர்மனிக்கு ரயில் ஏறினான். அக்டோபரில் எவன் கொடி கழிக்கிறான், அது குளிர்காலத்து வேலை இல்லையா? நீயும் மண்ணில் வேலை செய்து வளர்ந்தவன்தானே.

அவன் போலீசில் சொன்னது என்ன தெரியுமா? கத்தியை அதற்கு முந்தின வருடமே ஜெர்மனியில் வாங்கினானாம், எப்போதும் சட்டைப் பையில் இருக்குமாம். மனைவியைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாமல் வந்தானாம். தச்சர் மாடியிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் புத்தி மாறிவிட்டதாம். கோர்ட் இதை நம்பினால் அது மானத்துக்காகச் செய்த கொலை. நம் நாட்டில் அதற்கு மூன்றிலிருந்து ஏழு வருடம். உன் மேஜையில் வம்பைக் கேட்டு, உன் கூடவே வந்து கத்தி வாங்கி, உன் வீட்டுக் கல்லில் தீட்டி, வருவதை யாருக்கும் எழுதாதே என்று சொல்லிவிட்டுப் போனான் என்றால் அது வேறு. இருபது வருடத்துக்கு மேலே போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நீதான்.

அரசு வக்கீலுக்கு உடனே எழுது. வழக்கு மார்ச் ஆறாம் தேதி தொடங்குகிறது. நீ சாட்சிக்கு வந்தால் நான் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும், சாட்சியின் அக்கா அங்கே உட்காரக் கூடாது. சந்தோஷமாகப் போகிறேன். மாற்று ஆள் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள், அவர் உட்காரட்டும்.

நானாக இருந்தாலும் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் பியேராவிடம் படித்துக் காட்டினாயா?

எர்ஸிலியா


டூரின்
27 பிப்ரவரி 1967

அக்கா,

நீ டீச்சர், சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. உனக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை. நான் அப்படியா? டிராம் பட்டறையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மேஸ்திரி ஸவினோவின் பெரியப்பா மகன். எங்கள் வாடகை வீட்டுக்கு ஜாமீன் நின்றவரும் அவர்தான். நான் கோர்ட்டில் ஏறி நின்று ஸவினோவைக் காட்டிக்கொடுத்தால் மறுநாள் காலையில் காபிக்கடையில் எவனும் எனக்கு நாற்காலி நகர்த்த மாட்டான். காறித் துப்புவார்கள். துப்பினால் துடைத்துக்கொண்டு போகிற வயதில்லை எனக்கு.

நான் செய்தது என்ன, ஒரு கிண்டல். ஆண்பிள்ளைகள் நாலு பேர் கூடினால் கொம்பு வைக்காமல் சாப்பாடு இறங்குமா? ஊரில் அத்தனை பேரும் செய்வதைத்தான் செய்தேன். அதற்குப் போய் நான் கொலைகாரனுக்குக் கத்தி கொடுத்த மாதிரி எழுதுகிறாய்.

யாராவது வந்து கேட்டால் ஸவினோ எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை என்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். இன்னொன்றும் யோசித்துப் பார். நீ உள்ளே இருக்கிறாய், உன் கையில் ஒரு ஓட்டு இருக்கிறது. என்னால் நீ எழுந்து போய்விட்டால் உன் நாற்காலியில் எவனோ ஒரு மீசைக்காரன் உட்கார்ந்து அவனை விட்டுவிடு என்பான். அதுவா உனக்கு வேண்டும்? பேசாமல் உள்ளேயே இருந்து உன் மனசுப்படி ஓட்டுப் போடு. நான் தடுக்கவில்லை.

முன்னால் எழுதின கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. பியேராவை இதில் இழுக்காதே.

நுன்ஸியோ


ரோக்காமூரா
11 மார்ச் 1967

நுன்ஸியோ,

வழக்கு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புகிறேன். பதில் வேண்டி எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

ஸவினோ இஸ்திரி போட்ட காலரோடு கூண்டில் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான், சர்ச்சில் பார்த்தால் ஆட்டுவானே, அந்த மாதிரி. டூரினில் யாராவது ஊர்க்காரர் வீட்டில் தங்கினாயா என்று அரசு வக்கீல் கேட்டார். ரயிலிலேயே தூங்கிக்கொண்டு வந்தேன் என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தொனாத்தாவின் அம்மா வந்தாள். தச்சர் ஏன் அடிக்கடி வந்தார் என்று கேட்டார்கள். மாடியில் ஒரு அறைக்கு ஜன்னலும் கதவும் போட்டுக்கொண்டிருந்தாராம். புருஷன் ஜெர்மனியில் தொழிலாளர் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடக்கிறான், வந்தால் தனியறையில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று தொனாத்தாதான் செய்யச் சொன்னாளாம். "அவனுக்குத்தான்யா அந்த ரூமு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பிறகு ஜெர்வாஸியோ. உனக்கு நினைவிருக்கும், அறுபதை நெருங்கிவிட்டார், பெண்டாட்டி செத்துப் பல வருடம். மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்கும் உங்களுக்கும் தொடர்பு இருந்ததா என்று ஸவினோவின் வக்கீல் கேட்டார். இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்த ஆள் மீசையை நீவிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு ஆம்பள இதெல்லாம் சபையில சொல்ல மாட்டான் ஐயா" என்றார். கூட்டம் சிரித்தது. அரசு வக்கீல் கத்தினார், ஆமாவா இல்லையா சொல்லுங்கள் என்று. ஜெர்வாஸியோ புன்னகை செய்தார். தனக்கே பாதகமாகக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று தலைமை நீதிபதி அவரை இறக்கிவிட்டார். அந்த மனுஷன் அவள் கையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார், நுன்ஸியோ. ஊரே அறியும். ஆனால் இந்த வயதில் இப்படி ஒரு பெயர் கிடைப்பதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பிணத்தை வைத்துத் தன் ஆண்மைக்குப் பூச்சுப் பூசிக்கொண்டார். சாயங்காலம் எதிர்க்கடையில் நாலு பேர் அவருக்கு ஒயின் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

இடைவேளையில் தலைமை நீதிபதியின் அறை வாசல் வரைக்கும் போனேன். உன் கடிதம் என் பையில் இருந்தது. கதவில் கையை வைத்தேன். மாற்று ஆள் ஜன்னலோரம் நின்று ஜெர்வாஸியோ சொன்னதை யாருக்கோ நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்தால் என் நாற்காலிக்கு வருகிறவன் அவன். கடிதத்தைக் கொடுத்தால் நீ வந்து பொய் சொல்வாய், பொய் சொன்னதற்கு உன்னையும் உள்ளே வைப்பார்கள். திரும்பி வந்துவிட்டேன். நீ போட்ட கணக்குப்படியே நடந்துகொண்டேன் என்று நினைக்கும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

எர்ஸிலியா


ரோக்காமூரா
18 மார்ச் 1967

நுன்ஸியோ,

பூட்டிய அறைக்குள் நாங்கள் பேசியதை வெளியில் சொன்னால் அது குற்றம். சொல்கிறேன். இதையும் அடுப்பில் போடத் தோன்றினால் போட்டுக்கொள்.

நேற்றுக் காலையில் எட்டுப் பேரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நீதிபதிகள் இருவர், சீட்டில் விழுந்தவர்கள் ஆறு பேர். ஆறில் பெண் நான் ஒருத்திதான். சட்டப்படி மூன்று பெண்கள் வரை இருக்கலாமாம், அதற்கு மேல் போனால் நியாயம் கெட்டுவிடும் போல. உள்ளே போகும் முன் படிக்கட்டில் லம்பெர்த்தோ என் கூட வந்தான். நிலம் அளக்கிற சர்வேயர், முப்பத்தொரு வயது, எங்களில் இளையவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "டீச்சர், இது பச்சக் கொலை. இதுல மானம் எங்க இருக்கு?" என்று என் காதில் சொன்னான். எனக்குத் தெம்பு வந்தது.

மதியம் எதிர் ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றின பாஸ்தா. மேஜை சின்னது, வழக்குக் கட்டுகளுக்கு மேலேயே தட்டுகளை வைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் எங்களில் இருந்தார், கழுத்தில் கைக்குட்டை செருகிக்கொண்டு சாப்பிட்டார். ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டே, நம் வீட்டில் நடந்தால் நாம் என்ன செய்வோம் என்று நெஞ்சில் கையை வைத்துச் சொல்லுங்கள் என்றார். அவர் முழங்கைக்குக் கீழே தொனாத்தாவின் போட்டோ இருந்தது, படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிற போட்டோ. குழம்பு ஒரு சொட்டு அதில் விழுந்தது. அவர் கட்டைவிரலால் அதைத் துடைத்து, விரலை நக்கிக்கொண்டார். நான் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றேன். பெண்களுக்கு இந்தப் படங்கள் கஷ்டம்தான் என்று ஒருவர் எனக்காக வருத்தப்பட்டார். ஆலிவ் தோப்புக்காரர் அவர், பெரிய மனுஷர்.

ஒருவர் மட்டும் மனுஷனாகப் பேசினார், நான் எதிர்பார்க்காதவர். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், வாயைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "முப்பது வருஷமா பொணம் பாத்தவன் நான். கோவத்துல குத்துறவன் கண்ட எடத்துல குத்துவான். இது ஒரே இழுப்பு. ஆட்டுக்கு இழுக்குற இழுப்பு" என்றார். நான் கத்தியைப் பற்றிக் கேட்டேன். ஒரு வருடமாகச் சட்டைப் பையில் கிடந்த கத்தியாக இருந்தால் பிடியில் கொஞ்சமாவது தேய்மானம் இருக்காதா, இது கடையில் வைத்த மாதிரி இருக்கிறதே என்றேன். தோப்புக்காரர் சிரித்துக்கொண்டு, "டீச்சரம்மா, உருளக்கிழங்கு நறுக்குற கத்தி வேற, இது வேற" என்றார்.

அப்போது உன் கடிதம் என் பையில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. கொக்கியைத் திறந்தேன், உறையின் ஓரம் விரலில் பட்டது. எடுத்து மேஜையில் போட்டிருந்தால் அங்கேயே எல்லாம் நின்றிருக்கும், புதிதாக விசாரணை நடந்திருக்கும், மேஸ்திரி உன்னை வேலையிலிருந்து தள்ளியிருப்பார். பையை மூடிவிட்டேன். நீ என் தம்பி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த மேஜையில் விரலை நக்கினவரைவிட நான் எந்த விதத்தில் மேல் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

பிறகு ஓட்டு. வயதில் இளையவர் முதலில் சொல்ல வேண்டும், தலைமை நீதிபதி கடைசியில். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு இளையவர் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது. லம்பெர்த்தோவைப் பார்த்து நீதிபதி கேட்டார், கொலையா, மானமா என்று. அவன் நிமிர்ந்தான். ஏழு பேரும் அவன் முகத்தையே பார்த்தோம். கல்யாணமாகாதவன், முதலில் வாய் திறக்க வேண்டியவன். கொலை என்று சொன்னால், நாளைக்கு உன் பெண்டாட்டி கொம்பு வைத்தால் பேசாமல் இருப்பாயா என்று இத்தனை ஆண்களும் அவனை எடைபோடுவார்கள் என்பது அவன் கழுத்து சிவந்ததிலேயே தெரிந்தது. "மானம்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்தவள் நான். கொலை என்றேன். அப்புறம் தபால் ஆபீஸ் குமாஸ்தா, மெல்லிய குரலில் கொலை என்றார். மருந்துக்கடைக்காரர் மானம். தோப்புக்காரர் மானம். இன்ஸ்பெக்டர் கொலை. இரண்டாவது நீதிபதி, சட்டப் புத்தகத்தைத் தவிர எதையும் பார்க்காத மனுஷர், கொலை என்றார். நாலு ஆகிவிட்டது. மிச்சம் தலைமை நீதிபதி மட்டும். வெள்ளைத் தலை, நல்ல படிப்பு, வாரம் முழுக்க என்னிடம் மரியாதையாகப் பேசியவர். அவர் நம் பக்கம் என்று சத்தியமாக நம்பினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மானம்" என்றார்.

நாலுக்கு நாலு. சமமாக நின்றால் குற்றவாளிக்குச் சாதகமான பக்கம் ஜெயிக்கும். நல்ல சட்டம்தான், நானே பிள்ளைகளுக்கு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூன்று வருடம் போட்டார்கள். அதில் ஒன்று போன வருடத்துப் பொதுமன்னிப்பில் கழிகிறது. உள்ளே இருந்த காலத்தையும் கழித்தால் அக்டோபரில் வெளியே வந்துவிடுவான்.

வெளியே வரும்போது தலைமை நீதிபதி என் கோட்டை எடுத்துப் பிடித்தார். நீங்கள் ரொம்ப நன்றாகப் பேசினீர்கள் என்றார். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க டீச்சர்" என்றார்.

"அவங்க வீட்டுக் கதவெல்லாம் பழுதாகாமப் பாத்துக்கங்க ஐயா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

தீர்ப்பைப் படித்தபோது கூட்டம் கைதட்டியது. தொனாத்தாவின் அம்மா கைதட்டல் முடிகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். திரும்புகிற பஸ்ஸில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாள். ஊர் வருகிற வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எர்ஸிலியா


டூரின்
24 மார்ச் 1967

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டருக்குப் புறா வடிவக் கேக் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மேலே பாதாம் பருப்பு வைத்தது, பெரிய கடையில் வாங்கினேன். நடந்தது நடந்துவிட்டது. நீ உன் மனசுப்படி செய்தாய், நானும் உன்னைத் தடுக்கவில்லை. இனி இதைப் பேசி நமக்குள் என்ன ஆகப் போகிறது? உன் கடிதத்தை வைத்த இடத்திலிருந்து பியேரா எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீ கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாம்.

நுன்ஸியோ


ரோக்காமூரா
3 ஏப்ரல் 1967

நுன்ஸியோ,

கேக்கைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு இறங்காது.

அரசு வக்கீல் மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். நவம்பரில் விசாரணை வரும். அங்கே நான் நீதிபதி இல்லை, பார்க்க வந்தவளாகப் பின்னால்தான் உட்காருவேன். நீ வருவதற்கு இப்போது என் நாற்காலி குறுக்கே இல்லை, அந்தச் சாக்கும் போய்விட்டது. வருவதாக இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

எர்ஸிலியா


டூரின்
25 அக்டோபர் 1967

அக்கா,

எழுதாதே என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸவினோ வந்தான். வெளியே வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவன் அம்மா செய்த பாலாடைக்கட்டி ஒரு முழு வட்டம் கொண்டுவந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வராம இருந்தியே நுன்ஸியோ, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான். பட்டறையில் ஒரு வேலை சொல்லிவிடு என்றான். சரி என்றேன். என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு இருந்த அந்த இரண்டு ஊர்க்காரப் பையன்களும் வந்துவிட்டார்கள், எல்லோருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். பாலாடைக்கட்டியை வெட்டக் கத்தி கேட்டான். பியேரா எங்கள் சமையல் கத்தியைக் கொடுத்தாள். மொக்கையாக இருக்கிறது என்று அவனே எழுந்து போய், எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், அலமாரி மேல்தட்டிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்தான். நின்றபடியே தீட்டினான். பியேரா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பியேராவுக்கு இப்போது கோட்டுத் தைக்கிற கம்பெனியில் சாயங்கால ஷிப்ட். யாரோ அந்தப் பேச்சை எடுத்தார்கள். ஸவினோ என் தலைக்குப் பின்னால் கையை நீட்டுவது எதிரே கண்ணாடியில் தெரிந்தது. இரண்டு விரல். "ஏண்டா, ஷிப்ட் முடிஞ்சா இவ்வளவு தூரம் தனியாவா வருது உன் பொண்டாட்டி? கூட யாருடா வந்து விடுறா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், அக்கா. எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. பியேரா அடுப்பண்டையில் நின்று என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் யார் என்று அப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தாள். போய் அவன் கையிலிருந்து தீட்டுக்கல்லை வாங்கி, துணியில் சுற்றி, உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் இல்லை. அவள் அம்மா வீட்டுக்கும் போகவில்லை. கம்பெனியில் லீவு சொல்லியிருக்கிறாள். பெட்டி இருக்கிறது, கைப்பை இல்லை. தீட்டுக்கல்லும் இல்லை. அங்கே வந்தாளா? வந்தால் கொஞ்சம் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பு. அவளுக்கு நம் ஊரும் தெரியாது, நம் ஆட்களையும் தெரியாது.

நுன்ஸியோ


ரோக்காமூரா
31 அக்டோபர் 1967

நுன்ஸியோ,

பியேரா போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தாள். மூன்று ரயில் மாறி, கடைசியில் சந்தைக்குப் போகிற லாரியில் ஏறி வந்திருக்கிறாள். கைப்பையில் ஒரு மாற்று ரவிக்கையும் அந்தக் கல்லும். அம்மாவின் கட்டிலில் படுத்து மறுநாள் மதியம் வரை தூங்கினாள். நம் ஆட்களைத் தெரியாது என்கிறாய். நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

மறுநாள் தொனாத்தாவின் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் பாதி புரியவில்லை. கிழவி அவளை மாடிக்கு அழைத்துப்போய் அந்த அறையைக் காட்டினாள். ஜன்னல் போட்டாயிற்று, கதவு இன்னும் போடவில்லை. சட்டம் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

நேற்று அரசு வக்கீலிடம் போனோம். மேல்கோர்ட் விசாரணை அடுத்த வாரம், அவளைச் சாட்சியாக அழைக்க மனுப் போட்டிருக்கிறார். நீ அடுப்பில் போடச் சொன்ன கடிதத்தை நான் போடவில்லை. அதை அவர் மேஜையில் வைத்தேன். எனக்கு என்ன நடக்குமோ நடக்கட்டும், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்களோ சொல்லட்டும்.

பியேரா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நீ வைத்த கொம்பு, கத்தி, அவன் தீட்டிவிட்டு முன்கை மயிரில் வைத்துச் சோதித்துப் பார்த்தது, யாருக்கும் எழுதாதே என்று வாசலில் நின்று சொன்னது. கல்லை எடுத்து வைத்தாள். வக்கீல் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி, "இதெல்லாம் கூட இருந்து பாத்தவரு உங்க வீட்டுக்காரரு. அவரு ஏம்மா வரல?" என்று கேட்டார்.

"அவரு அங்க சிரிச்சுக்கிட்டு இருக்காரு ஐயா" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

எர்ஸிலியா